பதில் வரும்வரை பொறுத்திருப்போம்

பேசாமல் இருக்கும் குழந்தையைக் கண்டால் பெரியவர்களுக்குப் பொறுப்பதில்லை. "உன் பேரு என்ன கண்ணு?" என்று கேட்பார்கள். குழந்தை நம் முகத்தைப் பார்க்கும், தரையைப் பார்க்கும், அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும். அதற்குள் "என்ன, பேச வராதா?" என்று அடுத்த கேள்வி விழுந்துவிடும். பிறகு அம்மாவே பதிலைச் சொல்லிவிடுவாள். கேட்டவரும் போய்விடுவார். குழந்தையின் வாயில் பாதி உருவாகியிருந்த பதில் அப்படியே உள்ளே இறங்கிவிடும். எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். குழந்தைகளுக்கு நாம் தெரியாமல் செய்யும் அநியாயங்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் என் பேரன். மகளும் மருமகனும் ஜப்பானில் இருக்கிறார்கள். அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதுகில் பெட்டி போன்ற பெரிய பையை மாட்டிக்கொண்டு பேரன் முதல் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டான். ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் சேர்ந்து நடக்கும் இருமொழிப் பள்ளி. வீட்டில் தமிழ். சில வாரங்கள் கழித்து மகள் தொலைபேசியில் கலங்கிப் பேசினாள். "அப்பா, வீட்டுல வாய் ஓயாம பேசுறவன், பள்ளிக்கூடத்துல வாயைத் திறக்கவே மாட்டேங்கிறானாம். கூப்பிட்டா பார்க்குறானாம், சொன்ன வேலையச் செய்யுறானாம். பேச்சு மட்டும் இல்லையாம். டாக்டர்கிட்டக் காட்டணுமோ?" என்றாள்.

"வீட்டுல நல்லாப் பேசுறான்ல? சொன்னதப் புரிஞ்சுக்கிறான்ல? அப்போ பொறும்மா. அவன் கேட்டுக்கிட்டு இருக்கான். கேட்டு முடிச்சதும் பேசுவான்" என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொல்ல எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பொன்முடியிலிருந்து வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

பொன்முடியை இன்று பலரும் சுற்றுலாத் தலமாகவே அறிவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் மூடுபனியும். ஞாயிற்றுக்கிழமை வந்து, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலையில் இறங்கிவிடுவார்கள். அந்தப் பனிக்குள்ளேதான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பம் எங்களுடையது. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு பக்கம் ஆச்சி பேசும் தமிழ், சுவருக்கு அந்தப் பக்கம் நெடுமங்காட்டுக்காரர் பேசும் மலையாளம். கீழே கல்லாற்றுக் காட்டில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினரின் குடிகள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். எது எந்த மொழி என்று பிரித்துப் பார்க்கும் எண்ணமே சிறுவயதில் எங்களுக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடம் போனபிறகுதான் மொழிக்கு வேலி உண்டு என்று தெரிந்தது.

மலையில் எங்களுக்கென்று இருந்தது சின்னப் பள்ளி. ஒரே கூடத்தில் இரண்டு மூன்று வகுப்புகள். பாடம் எல்லாம் மலையாளத்தில். லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள். மலையாளக் குடும்பங்களோடு ஒட்டி வாழ்ந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை, எப்படியோ பேசிவிடுவோம். தோட்டத்தின் மேல்கோடியில், தமிழ்க் குடும்பங்கள் மட்டும் இருந்த லயத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் வகுப்பில் பேசவே மாட்டாள். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள். சிலேட்டில் எழுதச் சொன்னதை எழுதுவாள். கேள்வி கேட்டால் மட்டும் கண் இரண்டும் நிறைந்து போகும். கூடவே படித்த அவளுடைய அண்ணன், கேள்வி முடியும் முன்பே எழுந்து அவளுக்காகப் பதில் சொல்லிவிடுவான். தங்கைமேல் அத்தனை பாசம். ஒரு வருடம் முழுக்க அவள் அண்ணனின் வாயாலேயே படித்தாள் என்று சொல்லலாம்.

பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர் அவளை எழுப்பி ஏதோ கேட்டார். பதில் வரவில்லை. "இது மந்தபுத்தி" என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அதிலிருந்து லயத்திலும் அந்தப் பேச்சு பரவியது. அவள் அம்மா கொழுந்து பறிக்கப் போகிற இடத்தில், "உன் மகளுக்குப் படிப்பு ஏறாதாமே" என்று யாரோ கேட்க, அந்தத் தாய் கொழுந்துக் கூடையோடு நின்றபடியே அழுததாக என் அம்மா வந்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு கீழே விதுராப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். நடுத்தர வயது, வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. அந்தக் காலத்துப் பஸ்ஸை நம்பி மலையேறி வருகிறவர். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் எழுதத் தெரியாது. கேட்டால் ஓரளவு புரியும். வந்த சில நாட்களிலேயே அந்த அண்ணனைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, கூடத்தின் மறுகோடியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. ஏதோ தண்டனை என்றே நினைத்தோம். பிறகு அவர் தங்கையிடம், "தமிழில் பறஞ்ஞோ மோளே, சாரமில்ல" என்றார். தமிழிலேயே சொல், பரவாயில்லை என்றால் அந்தக் காலத்து வகுப்பில் அது பெரிய சலுகை.

அன்றும் அவள் பேசவில்லை. டீச்சர் கோபிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, திரும்பி நின்று கரும்பலகையை மெதுவாகத் துடைப்பார். துடைக்க ஒன்றுமே இருக்காது. ஆனாலும் துடைப்பார். முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் பிள்ளை பயப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் பதில் வராவிட்டால் "சரி, அப்புறம் சொல்லு" என்று அடுத்ததற்குப் போவார். மறுநாளும் அதே கேள்வி, அதே பலகைத் துடைப்பு. எங்களுக்கெல்லாம் சலிப்பாக இருக்கும். ஒரு கேள்விக்கு இவ்வளவு நேரமா என்று நெளிவோம். எனக்குப் பதில் தெரிந்துவிட்டால் கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் துள்ளுவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உலகத்திலுள்ள எல்லாப் பதில்களையும் முதலில் சொல்லி முடித்துவிடவேண்டும் என்ற வேகம் அந்த வயதுக்கு.

ஒருநாள் டீச்சர் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கொழுந்து நிறுக்கிற கணக்கைக் கேட்டார். தோட்டத்தில் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுப்பார்கள். ராத்தல் கணக்கு. காலையில் இத்தனை, மதியம் இத்தனை, சாயங்காலம் இத்தனை. ஒவ்வொரு தடவையும் கூடைக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கழித்துவிடுவார்கள். கழிவு போக உன் அம்மாவுக்கு எவ்வளவு என்று கேட்டார். அவள் தமிழில், சட்டென்று, சரியாகச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்காகத் தினமும் ராத்திரி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவளே அவள்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று எண்ணைக் கூட்டி மூன்று கழிவை மனத்திலேயே கழிக்கிற பிள்ளைக்கு மந்தபுத்தி என்று பெயர் வைத்திருந்தோம். டீச்சர் அவள் தமிழில் சொன்னதைக் கரும்பலகையில் மலையாளத்தில் எழுதினார். எழுதிவிட்டு, இது நீ சொன்னதுதான் என்று அவளிடம் காட்டினார். அவள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய முதல் மலையாளப் பேச்சு வகுப்பில் வரவில்லை. அப்போது பள்ளிகளில் மதியம் மஞ்சள் நிறத்தில் உப்புமா போடுவார்கள். 'கேர்' என்ற அமெரிக்க நிறுவனம் அனுப்பிய தானியம். கேரளத்தில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்த உப்புமாவின் வாசனையைச் சொல்வார்கள். பெரிய பிள்ளைகள் பரிமாற, டீச்சர் பக்கத்தில் நிற்பார். ஒருநாள் அவள் தட்டை நீட்டி, "இச்சிரி கூடி, டீச்சரே" என்றாள். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று. குரல் தெளிவாக இருந்தது. டீச்சர் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவே இல்லை. நாள்தோறும் கேட்கிற குரல்போல இன்னொரு கரண்டி போட்டுவிட்டு நகர்ந்தார். அந்த நிதானம்தான் எனக்கு இன்றுவரை வியப்பு. கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டிருந்தால் அவள் மறுபடி ஆறு மாதம் மௌனமாகியிருப்பாள் என்று தோன்றுகிறது. ஆண்டு முடிவதற்குள் வகுப்பில் எழுந்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

பிறகு நானும் ஆசிரியர் வேலைக்கே வந்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிகளில் என் காலம் போயிற்று. வேலையில் இருந்தபோதும் ஓய்வுபெற்ற பிறகும் குழந்தைகளின் மொழிக் கல்வியைப் பற்றி கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த டீச்சர் செய்ததையெல்லாம் அறிஞர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். புதிய மொழிக்குள் வந்து விழும் குழந்தை, வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. அந்த மௌனத்தில் காதும் மூளையும் முழுவேலை செய்கின்றன. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இன்னொன்றைச் சொன்னார். விளையாட்டுத் திடலில் பேசுமளவுக்கு மொழி வர ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும். வரலாற்றுப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் அந்த மொழியில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகப் புரிந்து எழுத 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். நன்றாகப் பேசுகிறானே, பரீட்சையில் ஏன் தடுமாறுகிறான் என்று கேட்கிற பெற்றோர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது வழக்கம். குழந்தையிடம் குறை இல்லை. காலம்தான் இன்னும் ஆகவில்லை.

அதே கனடாவில், மாண்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், 1965இல் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு மொழியில் படிக்கவைக்க ஏற்பாடு செய்தார்கள். வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிரெஞ்சு வந்தது, ஆங்கிலமும் குறையவில்லை. அந்த வழியை ஜப்பான் எடுத்துக்கொண்டது. ஷிசுவோகா மாநிலத்தில் நுமசு நகரிலுள்ள கதோ காகுயென் என்ற பள்ளியில் 1992இல் இது தொடங்கியது. ஜப்பானியக் குழந்தைகள் முதல் வகுப்பிலேயே கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். நாட்டின் பாடத்திட்டம் அதேதான், மொழி மட்டும் வேறு. ஜப்பானிய மொழிப் பாடம் ஜப்பானிய மொழியில் நடக்கிறது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் அந்நாட்டுக் குழந்தை 1,026 காஞ்சி எழுத்துகளைக் கற்றாகவேண்டும். இருமொழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் விலக்குக் கிடையாது. அப்படிப் படித்தவர்கள் தாய்மொழியில் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அங்கே கணக்கை வேற்றுமொழியில் படித்த பிள்ளைகள் செழித்தார்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகளும் வேற்றுமொழியில்தான் படித்தார்கள். இவர்களில் பலர் ஏன் பாதியில் நின்றார்கள்? லாம்பர்டே இதற்கும் விடை வைத்திருந்தார். கனடாவின் ஆங்கிலக் குழந்தையிடம், ஜப்பானில் அந்த ஜப்பானியக் குழந்தையிடம், உன் வீட்டுமொழி மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. இருக்கிற மொழியோடு இன்னொரு மொழி வந்து சேர்கிறது. லயத்துக் குழந்தைக்கோ, வீட்டுமொழியைப் பள்ளி வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரவேண்டியிருந்தது. ஒன்று போய்த்தான் இன்னொன்று வந்தது. போனது அவளுடைய அம்மாவின் மொழி. அது போனால் குழந்தையின் தைரியத்தில் பாதியும் சேர்ந்து போகும். எங்கள் டீச்சர் செய்த பெரிய காரியம், அவள் தமிழில் சொன்னதைப் பலகையில் ஏற்றியது. உன்னிடம் இருப்பதும் படிப்புதான் என்று ஒரு குழந்தையிடம் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தத் திருவனந்தபுரம் சீமைக்கு இரண்டு மொழி புதிதுமில்லை. ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் 'மனோன்மணீயம்' எழுதினார். இன்று தமிழ்நாடு பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலிலிருந்து எடுத்ததுதான். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் பள்ளியில் படித்தது மலையாளத்தில். தமிழைத் தன் முயற்சியால் கற்று, அந்தத் தெருவையே தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நீல. பத்மநாபன் இரண்டு மொழியிலும் எழுதியவர். 1956இல் மாநில எல்லை பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கம் தமிழ்நாட்டோடு போயிற்று. நாங்கள் மலையில் இந்தப் பக்கம் நின்றோம். அதே ஆண்டு அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது அது. சட்டம் மலையேறி வகுப்பறைக்குள் நுழைவதற்கு ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

மனிதர் என்றதும் கல்லாற்றுக் காட்டின் லட்சுமிக்குட்டி அம்மா நினைவுக்கு வருகிறார். காணி இனத்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்ற நாட்டு வைத்தியர். 1950களில், அந்தப் பகுதிக் காணிக் குடிகளிலிருந்து பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத காலத்தில், தினமும் 10 கிலோமீட்டர் நடந்து போய் எட்டாம் வகுப்புவரை படித்தார். மருந்துகளை அவர் கற்றது அம்மாவிடமிருந்து. ஏட்டில் எழுதிவைக்காத அறிவு அது, நூற்றுக்கணக்கான மருந்துகள் அவருடைய நினைவிலேயே இருக்கின்றன. பள்ளி கொடுத்த எழுத்தையும் காடு கொடுத்த அறிவையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டிருந்தால் நமக்கு அந்த அம்மா கிடைத்திருக்க மாட்டார்.

காணிகளின் மௌனத்தைப் பற்றிச் சொல்ல இன்னொரு கதை உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிகளாகக் காணிகள் சிலர் போனார்கள். விஞ்ஞானிகள் ஏறமுடியாமல் தளர்ந்தபோது, இவர்கள் ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. சொல்லக்கூடாது என்பது அவர்கள் முறை. தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று நம்பிக்கை கொடுத்துக் காத்திருந்த பிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். பொன்முடிக்குப் பக்கத்திலேயே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் நிலையம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கிடைத்த பணத்தில் பாதியைக் காணிகளுக்கே தருவதென்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்தது. படித்தவர்கள் மாணவர்களாக நின்று காத்திருந்த இடம் அது. பேசாதவர்களிடம் ஒன்றும் இல்லை என்று அவர்கள் நினைத்திருந்தால், அந்தச் செடி காட்டிலேயே இருந்திருக்கும்.

இதே அகத்தியமலைத் தொடரின் தென்பக்கம், அம்பூரியில், உஷாகுமாரி என்ற ஆசிரியை நெய்யாறு அணையின் நீரைத் தோணியில் கடந்து, காட்டுப்பாதையில் ஏறி, குன்னத்துமலையில் காணிக் குழந்தைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தனியாகப் பாடம் நடத்தினார். 2022இல் அத்தகைய ஓராசிரியர் பள்ளிகளை அரசு மூடியது. அவருக்குக் கிடைத்த அடுத்த வேலை, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியைப் பெருக்கித் துடைப்பது. அதையும் அவர் தலைநிமிர்ந்தே செய்தார் என்று செய்தியில் படித்தபோது என் மனம் மிகவும் வலித்தது. ஒரு குழந்தையின் முதல் பதிலுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் அதிகம் இல்லை. இருக்கிறவர்களை நாம் நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நல்ல செய்திகளும் உண்டு. வயநாட்டில் 'கோத்ரபந்து' என்ற திட்டத்தில், பழங்குடி இளைஞர்களிலேயே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் நியமித்தார்கள். முதல் வகுப்புக்கு வரும் குழந்தையிடம் அதன் வீட்டுப் பேச்சிலேயே பேச ஒருவர் அங்கே இருக்கிறார். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டம் தொடங்கியது. வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இந்தியும் வங்காளமும் தெரிந்த தன்னார்வலர்கள், அவர்கள் மொழியில் தொடங்கி மெதுவாக மலையாளத்துக்குக் கைபிடித்து அழைத்துவந்தார்கள். இரண்டு மொழியையும் மாற்றி மாற்றிப் பேசியே பாடம் நடந்தது. எங்கள் டீச்சர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்ததற்கு இப்போது ஒரு திட்டமும் பயிற்சியும் வந்திருக்கின்றன. அன்றைக்குத் தேயிலைக்காக நாங்கள் மலையேறி வந்தோம். இன்றைக்குக் கட்டட வேலைக்கும் மரப்பலகை ஆலைக்கும் அவர்கள் வருகிறார்கள். வந்த குடும்பத்தின் குழந்தை வகுப்பில் நிற்கும் நிலை ஒன்றேதான்.

பொன்முடியிலும் காலம் மாறிவிட்டது. தோட்டங்களில் வேலை குறைய, லயங்களிலிருந்து இளையவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். 2022 செப்டம்பரில் மழையில் பன்னிரண்டாம் வளைவுக்கருகே சாலை இடிந்தபோது மேலே இருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே மலையில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. ஜப்பான், சீனா என்று பல நாட்டு வீரர்கள் வந்தார்கள். நாங்கள் இரண்டு மொழிக்குத் தடுமாறிய மலையில் அன்றைக்கு எத்தனையோ மொழிகள் கேட்டன. எந்த மொழிக்காரருக்கும் கல்லும் வேரும் நிறைந்த பாதை ஒன்றுதான்.

பேரனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுவார்கள். வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிவருவார்கள். சாப்பிட்டதும் வகுப்பறையை அவர்களே பெருக்கித் துடைப்பார்கள். அந்த வேலைகளுக்கு நடுவேதான் அவன் பேசத் தொடங்கினானாம். ஈரத்துணியைப் பிழியத் தெரியாத பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவனுடைய முதல் ஜப்பானியப் பேச்சு. மகள் இதைச் சொன்னபோது எனக்கு வியப்பே வரவில்லை. கேள்வி கேட்டுக் கண்ணுக்குக் கண் பார்த்து நிற்கும் இடத்தில் வராத மொழி, கை ஒரு வேலையில் இருக்கும்போது தானாக வந்துவிடுகிறது. பசிக்கும் விளையாட்டுக்கும் உதவிக்கும்தான் குழந்தை முதலில் பேசுகிறது. பாடத்துக்குப் பேசுவது அதற்கப்புறம்.

மகளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். வீட்டில் தமிழை நிறுத்திவிடாதே. பள்ளியில் தடுமாறுகிறானே, வீட்டிலும் ஜப்பானிய மொழியோ ஆங்கிலமோ பேசினால் சீக்கிரம் வந்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு பலரும் யோசனை சொல்வார்கள். பெற்றோர் தங்களுக்கே நன்றாக வராத மொழியில் குழந்தையிடம் பேசினால், அதற்குக் கிடைப்பது அரைகுறைப் பேச்சு. கதை சொல்வதும், கோபித்துக்கொள்வதும், சமாதானம் செய்வதும், ஏன் எதற்கு என்று விளக்குவதும் அம்மாவுக்குச் சரளமாக வரும் மொழியில் நடந்தால்தான் குழந்தையின் யோசனை ஆழமாகும். ஒரு மொழியில் ஆழமாக யோசிக்கப் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை அடுத்த மொழிக்கும் எடுத்துப்போகும். கொழுந்துக் கணக்கைத் தமிழில் போட்ட பெண் மலையாளத்தில் கணக்கை மறுபடி கற்கவில்லை, சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக 1 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்கோ அடுத்த கேள்விக்கோ போய்விடுகிறார்கள். அதை 3 விநாடியாக நீட்டச் சொன்னார். பதில்கள் நீண்டன. தெரியாது என்ற பதில் குறைந்தது. மெதுவானவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். கூடுதலாகக் கொடுத்தது 2 விநாடிதான். அதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், புதுப் புத்தகம் வேண்டாம். எங்கள் டீச்சருடைய பலகைத் துடைப்பு எத்தனை விநாடி என்று நான் அளந்ததில்லை. எப்படியும் மூன்றைத் தாண்டியிருக்கும்.

ஆகவே என் வயதுக்கு உரிய உரிமையோடு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இரண்டு மொழிக்கு நடுவே நிற்கும் குழந்தை இருந்தால், கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். குழந்தைக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள், பாசமுள்ள அண்ணன் சொல்ல வந்தால் அவனையும் அன்பாகத் தள்ளி உட்காரவையுங்கள். எந்த மொழியில் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வார்த்தை வரும்போது கொண்டாடிப் பயமுறுத்தாமல், கேட்ட இன்னொரு கரண்டியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்து "பேரு என்ன கண்ணு?" என்று கேட்டால், அம்மாக்களே, நீங்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள். குழந்தையே சொல்லட்டும்.